டாக்டரம்மாவுக்கு முதல் கையெழுத்து

"எம்.எல்.ஏ.வை மூஞ்சிக்கு நேரா திட்டினவ நான்தான்."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும், பக்கத்தில் இருந்த அவள் நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"நம்ம டாக்டரம்மாவையா அண்ணி?"

"ஆமா. ஊரு ஆஸ்பத்திரிக்கு டாக்டரே வரலன்னு சொல்லப் போனப்ப, மேல மனு குடுத்திருக்கேன்னாங்க. நீங்களே டாக்டர்தான, மனு எதுக்குன்னு கேட்டுட்டேன். மறுவாரமே ஸ்டெதாஸ்கோப்போட வந்து உக்காந்துட்டாங்க. புது டாக்டர் வர்ற வரைக்கும் வாராவாரம் வந்து வைத்தியம் பாத்தாங்க."

"அதுக்கா இந்த தடவ கட்சில சீட்டு குடுக்கல?"

"சொந்த ஆட்சிய அசிங்கப்படுத்திட்டாங்களாம். போங்கடான்னு சுயேச்சையா நிக்கிறாங்க. வேட்புமனுவுல முன்மொழியறதுக்கு ஆளுங்க வேணும். மொத கையெழுத்து போடத்தான் இப்ப போறேன்."

"அண்ணன் கட்சிக்காரராச்சே, வூட்ல சும்மா வுடுவாரா?"

"கட்சி அவரோடது. கையெழுத்து என்னோடது."

சிதம்பரம் வந்து இருவரும் எழுந்தபோது நாத்தனார் கேட்டாள்.

"எனக்கும் அங்கதான ஓட்டு இருக்கு. நானும் போடலாமா அண்ணி?"