ஒட்டகத்தின் மேல் மச்சான்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவர் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நாளைக்கு ஒங்கப்பாவுக்குக் கருமாதி. ஒன் தம்பி மொராக்கோவுல ஒட்டகத்து மேல சவாரி போறான்.”

“கப்பல் அங்க நின்னிருக்கும். கூட வேல செய்றவங்க இட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க.”

“கொள்ளி வக்க வாடான்னா கப்பல்ல லீவு இல்லன்னான். இதுக்கு மட்டும் லீவு குடுத்தாங்களா? தலப்பாவப் பாரு, கல்யாண மாப்ள மாதிரி!”

“மெதுவா பேசுங்க.”

“ஏன்? நாளைக்கு ஊரே கேக்கப் போவுது.”

பேருந்தில் பாதிப் பேர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். அவள் போனை வாங்கி அடுத்த படத்துக்குத் தள்ளினாள். விரல்களால் அதைப் பெரிதாக்கினாள்.

“எறங்கனப்புறம் ஒட்டகக்காரரு அவன் தலப்பாவ அவுக்குறாரு. இதப் பாத்தீங்களா?”

“மொட்ட அடிச்சிருக்கான்.”

“மீசையும் இல்ல.”

புதுச்சத்திரம் தாண்டும்போது அவர் போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அங்க யாரு அவனுக்கு மழிச்சி வுட்டிருப்பா?”

“காதுகிட்ட பிளேடு கீறியிருக்கு பாருங்க. அவனேதான்.”