ஷென் ருய்லான் பெயரில் டிரிப்ஸ் கூடமா?

மேடையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! துக்கத்துக்காக நெஞ்சில் வெள்ளைக் காகிதப்பூ குத்தி வந்திருக்கும் சிங்தாங் வட்டத்துப் பெருமக்களே! மூன்றாம் மாடியிலிருந்து கையில் ஊசியும் தலைக்கு மேல் பாட்டிலுமாக இறங்கி வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் நோயாளிகளே! பாட்டிலைக் கொஞ்சம் உயரமாகப் பிடியுங்கள் அம்மா, ரத்தம் குழாயில் திரும்புகிறது.

உங்களில் ஒருவர்கூட நம்பப்போகாத கதை ஒன்றை நான் இப்போது சொல்லப்போகிறேன். இதை நான் இந்த மேடையின் மீதும், இங்கே சாத்தி வைத்திருக்கும் மலர்வளையங்களின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். இந்த ஆஸ்பத்திரியின் மருந்தகத் தலைவன் ஃபாங், அதாவது நான், வாயைத் திறந்தால் ஒன்று பத்தாகும், பத்து பத்தாயிரமாகும் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே நம்ப வேண்டாம். கேட்டால் போதும்.

எனக்கு முன்னால் பேசிய நம் இயக்குநர் ஹாவ் அவர்கள் என்ன சொன்னார்? மறைந்த டாக்டர் ஷென் ருய்லான் அவர்களின் நினைவாக, அவர் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்த கிருமி வளர்ப்பு அறையை இடித்துவிட்டு, அந்த இடத்தில் அறுபது சாய்வு நாற்காலிகளோடு புதிய டிரிப்ஸ் கூடம் கட்டப்போகிறாராம்! வாசலில் கல்லில் பெயர் வெட்டப்போகிறாராம்! ‘ஷென் ருய்லான் நினைவுக் கூடம்’!

நீங்களும் கை தட்டினீர்கள். நான் பார்த்தேன். முதல் வரிசையில் இருப்பவர்கள் எழுந்து நின்றே தட்டினீர்கள்.

கேட்கிறேன், சாராயத்தைத் தொடாதவருக்குச் சாராயக்கடை கட்டி நினைவு கொண்டாடுவீர்களா? ஆயுள் முழுக்க எந்தப் பாட்டிலைக் கண்டு அந்தப் பெண்மணி கொதித்தாரோ, அந்தப் பாட்டில் அறுபதைத் தொங்கவிட்டு அதன் கீழே அவர் பெயரையும் தொங்கவிடுவீர்களா?

நம் ஊரைப் பற்றி நாமே பேசிக்கொள்வோம். நம் வட்டத்தில் ஒருவன் தும்மினால் ஒரு பாட்டில். இருமினால் இரண்டு. தும்மிக்கொண்டே இருமினால் அவனுக்கு ஜன்னலோர நாற்காலி. விருந்தாளிக்குத் தேநீர் ஊற்ற மறந்தாலும் மறப்போம், முகம் வாடியிருந்தால் டிரிப்ஸ் ஏற்ற மறக்க மாட்டோம். ஒரு கையில் ஊசியோடு மறு கையால் மாஜோங் ஆடி ஜெயித்த வீரர்கள் இந்தச் சபையிலேயே நூறு பேர் இருக்கிறார்கள். நம் பன்றிகள் காலைத் தீவனத்தோடு கிருமிக்கொல்லி மருந்து தின்கின்றன. நம் ஆற்று மீனுக்கு முப்பது வருஷமாகச் சளி பிடித்ததே இல்லை! அந்த மீனை வறுத்துத் தின்றால் காய்ச்சலுக்குத் தனியாக மருந்து வேண்டாம் என்று நானே இரண்டு பேருக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஊருக்குள் ஷென் ருய்லான் என்ன செய்தார்? கீழ்த்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கத்தில், சோற்றுப்பானை அளவுக்கு ஒரு அறையில் உட்கார்ந்துகொண்டு, நோயாளியின் ரத்தத்தில் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்த்தார். எந்த மருந்துக்கு அது சாகும், எந்த மருந்தைக் கண்டு அது சிரிக்கும் என்று கண்ணாடித் தட்டுத் தட்டாக வைத்துப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ரத்தம் எடுங்கள். அவ்வளவுதான்! ஐந்து நிமிட வேலை!

அரிசிச் சேமியாக் கடை லியாவ் குய்ஜென் இங்கேதான் இருக்கிறார். கோபித்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்.

“மூணு பாட்டில் போடுங்க டாக்டர். கடையத் திறக்கணும்.”

“இது வெறும் ஜலதோஷம் குய்ஜென். இதுல சாகடிக்கக் கிருமியே இல்ல. வெந்நி குடி, தூங்கு.”

“எதிர்க்கடைக்காரிக்கு நேத்து நாலு பாட்டில் போட்டாங்களே! அவ மூக்கு ஒசத்தி, என் மூக்கு மட்டமா?”

“அவளுக்குப் போட்டதும் தப்பு.”

“அப்ப அந்தத் தப்ப எனக்கும் செய்ங்க! நான் என்ன ஊருக்கு வெளியவா இருக்கேன்?”

ஷென் ருய்லான் மறுத்துவிட்டார். குய்ஜென் நேராக இயக்குநர் அறைக்குப் போய் அழுதார். இயக்குநர் மூன்று பாட்டிலுக்குக் கையெழுத்துப் போட்டார். எடுத்துக் கொடுத்தது யார்? நான். நான்காவதாக ஒன்றை அன்பளிப்பாகச் சேர்த்துக் கொடுத்தேன் என்று ஒரு வதந்தி உண்டு. அதை நான்தான் கிளப்பினேன்.

அதே குய்ஜெனின் கணவர் தோங், கல் வெட்டுகிறவர், மறு வருஷம் காய்ச்சலில் விழுந்தார். விட்டு விட்டு வருகிற காய்ச்சல். கிராமத்து மருத்துவமனையில் ஒன்பது நாள் ஒன்பது விதமான பாட்டில் ஏற்றியிருந்தார்கள். இங்கே தூக்கி வந்தபோது மனிதர் உளியின் கைப்பிடி அளவுக்கு மெலிந்திருந்தார். டாக்டர்கள் கூடினார்கள். புதிய மருந்து, அதைவிடப் புதிய மருந்து, இன்னும் தொழிற்சாலையை விட்டே கிளம்பாத மருந்து என்று ஏலம் போட்டார்கள். ஷென் ருய்லான் வாசலில் வந்து நின்றார்.

“அடுத்த பாட்டில் ஏத்துறதுக்குள்ள எனக்கு ரத்தம் வேணும். ரெண்டு கையிலயும்.”

“ஏற்கெனவே இவ்ளோ மருந்து ஓடிட்டிருக்கு, என்ன முளைக்கப் போகுது?” என்றார் ஹாவ்.

“முளைக்கலைன்னா மறுபடி எடுப்பேன்.”

முதல் தடவை முளைக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. “டாக்டர் ஷென் ரத்தத்தைக் குடிக்கிறாங்களோ என்னவோ” என்று நான் சாப்பாட்டுக் கூடத்தில் ஜோக்கடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் தடவை முளைத்தது. தோங்கின் இதய வால்வில் குடியேறி உட்கார்ந்திருந்த கிருமி. அதைக் கொல்வது எது தெரியுமா? பென்சிலின்! என் அலமாரியின் அடித்தட்டில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தூசி படிந்து கிடந்த அதே பழைய பென்சிலின்!

இயக்குநர் ஹாவ் அவர்கள் பதறிப்போனார். “இவ்ளோ மலிவான மருந்தா? பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க கேட்டா நம்ம மானம் என்னாகும்?”

“மானத்துக்குத் தனியா ஒரு பாட்டில் ஏத்திக்கங்க. இவருக்குப் பென்சிலின் போதும்” என்றார் ஷென் ருய்லான்.

நான்கு வாரம் ஏற்றினோம். தோங் எழுந்து நடந்தார். வெளியே வாசலில் இருக்கிற இரண்டு கல் சிங்கங்களையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு ஓடினார் என்று நான் சொல்லி வருகிறேன். நடந்தார் என்பது போதும்.

பெரியோர்களே! இந்தப் பெண்மணி எப்படி இறந்தார் என்று இதுவரை பேசிய ஏழு பேரும் சொன்னீர்கள். ‘ஓயாத உழைப்பால்’ என்றார் ஒருவர். ‘விதியால்’ என்றார் இன்னொருவர். ‘கொடிய கிருமியால்’ என்றார் மூன்றாமவர். ஆகா! எவ்வளவு அழகாகக் கைகழுவுகிறோம்! ஆபரேஷன் அறையில்கூட நாம் இவ்வளவு சுத்தமாகக் கழுவியதில்லை!

நான் சொல்கிறேன். நம் மரியாதையால் இறந்தார்.

போன மாதம் ஒரு காலையில், சிறுநீரகக் கல் அடைத்து, குளிர் தூக்கிப் போட, தன் அறை வாசலிலேயே விழுந்தார். வேறு யாராவது விழுந்திருந்தால் என்ன செய்திருப்போம்? ஷென் ருய்லானுக்குப் பயந்தாவது முதலில் ரத்தம் எடுத்திருப்போம். விழுந்தது அவராயிற்றே! நம் ஷென் அக்காவாயிற்றே! அவருக்கு ஊசியைக் குத்திக் குழாய் குழாயாக ரத்தம் உறிஞ்சி, முடிவு வரட்டும் என்று காத்திருப்பதா? மரியாதைக் குறைவல்லவா! இயக்குநர் தொலைபேசியில் கத்தினார்: “நம்ம அக்காய்யா! இருக்கறதுலயே ஒசத்தியானத ஏத்துங்க! யோசிச்சுட்டு நிக்காதீங்க!”

இருப்பதிலேயே உயர்ந்த மருந்து பூட்டிய பெட்டியில் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. கல்யாணச் சீர் கொண்டுபோவதுபோல் தட்டில் வைத்து நானே மாடிப்படி ஏறினேன். வழியில் நர்ஸ்கள் ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். அந்தப் பாட்டிலை ஏற்றியபோது எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்திருந்தது.

ரத்தம் யாரும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்காதபோதுதான் எடுத்தோம். மறுநாளே முளைத்தது. ஷென் ருய்லான் பழக்கிய பெண் வாங் கிருமி முளைத்த கண்ணாடித் தட்டை எடுத்துவந்து என்னிடம் காட்டினாள். நாம் தட்டில் ஏந்திப்போன மருந்து அந்தக் கிருமிக்குக் காலைக் கஞ்சி! தும்மலுக்கு ஏற்றி, இருமலுக்கு ஏற்றி, பன்றிக்குப் போட்டு, நாமே பாடம் நடத்தி அதைப் பட்டதாரி ஆக்கி வைத்திருக்கிறோம். ஆனால் அதே கண்ணாடித் தட்டில், பழைய மருந்து ஒன்றைச் சுற்றி மட்டும் கிருமி அண்டாத தெளிந்த வட்டம். செத்திருக்கிறது! முதல் நாளே ரத்தம் எடுத்து, மருந்தையும் ஏற்றிவிட்டுக் காத்திருந்தால், இரண்டாம் நாளே இது தெரிந்திருக்கும். அந்தப் பழைய மருந்தை ஓடிப்போய் ஏற்றினோம். அதற்குள் சிறுநீரகம் இரண்டும் நின்றுபோயிருந்தது.

இப்போது அந்தத் தட்டில் கிருமியை வளர்த்துக் காட்டிய அறையை இடிக்கப்போகிறோம்!

இன்று காலை கல் வெட்டும் தோங் என் மருந்தக ஜன்னலில் வந்து நின்றார்.

“ஃபாங் அண்ணே, அக்கா பேர வெட்டச் சொல்லி இயக்குநர் கல் அனுப்பியிருக்காரு. டிரிப்ஸ் ஹாலுக்காம்.”

“நல்ல கல்லா?”

“பளிங்கு. ஆனா நான் வெட்டமாட்டேன். வேற எவனாச்சும் வெட்டுனா அவன் வீட்டு வாசல்ல போய் உக்காருவேன். என் நெஞ்சுக்குள்ள ஓடிட்டிருக்கற உசுரு அந்த ரூம்ல முளைச்சதுண்ணே.”

கிளம்பியவர் திரும்பி வந்தார். “‘ரத்தம் எடுத்தியா’ன்னு ஊரையே புடிச்சுக் கேப்பாங்களே அக்கா, விழுந்த அன்னிக்கு உங்களக் கேக்கலையா?” என்றார். ஜுரத்தில் நினைவே இல்லை, கேட்கவில்லை என்றேன்.

இயக்குநர் ஹாவ் அவர்களே, கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முடிக்கப்போகிறேன். நான் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அந்த ஏழு மாதமும் என் மேசை கீழ்த்தளத்தில், அந்தக் கிருமி அறைக்குள் இருக்கும். இடிக்க வருகிறவர்கள் மேசையோடு சேர்த்து என்னையும் இடிக்கட்டும். என் எடை நூற்றுப் பத்து கிலோ, நான்கு பேராவது வேண்டும். நாளைக் காலை முதல், கடுங்காய்ச்சல்காரர் யாருக்கும் ரத்தம் எடுத்த குழாயை என் கண்ணில் காட்டாமல் மருந்தக ஜன்னலிலிருந்து முதல் பாட்டில் வெளியே போகாது. காட்டிய அதே நொடியில் போகும், நானே ஓடிக் கொண்டுவருவேன். வெறும் தும்மலுக்கு வந்தால் வெந்நீர் தருவேன். குய்ஜென், உனக்கும்தான். அழுதாலும்தான். அமைச்சர் தும்மினாலும் வெந்நீர்தான்!

வாங், எழுந்து நில் அம்மா. இந்தப் பெண் அந்த அறையை நடத்துவாள். அவளைக் கேலி செய்கிறவர்கள் முதலில் என்னைக் கேலி செய்யட்டும், எனக்குப் பதில் சொல்லிப் பழக்கம் உண்டு. இதற்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்குங்கள். ஊசி இல்லாத கையைத் தூக்குங்கள்!

சரி. நான் சொன்னதில் ஆற்று மீன் பொய். கல் சிங்கமும் பொய். நூறு மாஜோங் வீரர்களில் தொண்ணூறு பேரைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். என் எடையிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். காலையில் தோங்கிடம் நான் சொன்ன பதிலையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோங், அதுவும் பொய்தான்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. நான் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தபோது ஷென் ருய்லான் கண்ணைத் திறந்தார். மூக்கில் பிராணவாயுக் குழாய். “ரத்தம் எடுத்தாச்சா ஃபாங்?” என்றார்.

“ஆச்சுக்கா, ஆச்சு. நீங்க நிம்மதியா தூங்குங்க” என்றேன்.

என்னை நம்பித் தூங்கினார்.