பொட்டு வைத்த ரைஸ் குக்கர்

கிள்ளான் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவின் மடியில் ஒரு ரைஸ் குக்கர். மூடியில் குங்குமப் பொட்டு.

"மகன் ஜப்பான்ல இருந்து அனுப்பினது. நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டித்தான் சுவிட்ச் போட்டேன் அக்கா. உடனே புகை வந்துருச்சு."

பக்கத்து சீட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஜப்பான் சாமான் லா! அங்க நூறு வோல்ட், இங்க இருநூத்தி நாப்பது."

"அடாப்டர் மாட்டினேனே?"

"அடாப்டர் பிளக்கைத்தான் மாத்தும், கரண்ட்ட மாத்தாது. கடையில காட்டினியா?"

"பிரிக்பீல்ட்ஸ்ல காட்டிட்டுத்தான் வரேன். உள்ள எல்லாம் கருகிருச்சாம். தூக்கிப் போடச் சொல்றான்."

"போட்டுட்டு, மகன்கிட்ட வேற அனுப்பச் சொல்லு."

அந்த அம்மா முந்தானையால் மூடியைத் துடைத்தார், பொட்டை மட்டும் விட்டுவிட்டு.

"சண்டை போட்டுட்டுப் போனவன் அக்கா. நம்பரையும் மாத்திட்டான். இத்தனை வருசத்துல இது ஒண்ணுதான் அனுப்பினான். அதையும் நானே எரிச்சுட்டேன்."