கயிற்றில் வந்த பதில்

பேனை நல்ல பேனை, சேர். எனக்குப் பென்சில்தான் பழக்கம், இது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நான் சொல்லச் சொல்ல உங்கள் ஆள் எழுதுவார், கடைசியில் பெருவிரலை வைத்தால் போதும் என்றீர்கள். வேண்டாம். நானே எழுதுகிறேன். கோணலாக இருக்கும், ஆனால் வாசிக்கலாம்.

பெயர் நெய்னார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்தவர்களில் ஒருவன். குறிஞ்சிப்பிட்டியில் இருக்கிறேன். பாலாவியில் உப்பு அள்ளினேன், தோட்டங்களில் வெங்காயம் கிண்டினேன். சண்டை முடிந்து கடல் திறந்த பிறகு கற்பிட்டியில் கடலட்டை பிடிக்கும் படகுக்குப் போனேன். அங்கே சுஹைர் என்ற பொடியன் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அடியில் போய் அட்டை பொறுக்குவான். நான் மேலே படகைப் பார்ப்பேன்.

எனக்கு எழுத்துப் படிப்பித்தவன் அவன்தான். என் வயதில் பாதி இருக்கும், அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்றுதான் கூப்பிடுவான். எஞ்சின் மூடியில் ஈர விரலால் ஓர் எழுத்தை எழுதுவான், வெயில் அதைக் குடித்து முடிக்குமுன் நான் சொல்லிவிட வேண்டும். அப்படித்தான் படித்தேன். பிறகு சாமான் சுற்றி வரும் பத்திரிகைத் துண்டு ஒன்றையும் எறிந்ததில்லை. அவற்றில் பொது அறிவுக் கேள்விகள் இருக்கும். கற்பிட்டிக் கோட்டையைக் கட்டியவர் யார், எந்தெந்த வேற்றுமைக்கு உருபு இல்லை, இப்படி. எனக்கு அது தேன்.

ஆழத்தில் கிடந்தவன் ஒரே ஓட்டமாக மேலே வரக்கூடாது, சேர். உடம்புக்குள் ஏறிய காற்று குமிழாகி நரம்பில் அடிக்கும். கால் போனவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். பாதி வழியில், படகிலிருந்து தொங்கும் கயிற்றின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சுஹைருக்கு அந்தப் பொறுமை கிடையாது. சும்மா தொங்கு என்றால் வந்துவிடுவான். அதற்கு நான் கண்டுபிடித்த மருந்துதான் கேள்வி.

இறங்குமுன் ஒரு கேள்வியும் நாலு விடையும் சொல்லி அனுப்புவேன். அவன் முடிச்சில் நின்று யோசித்து, இரண்டாம் விடை என்றால் இரண்டு தரம், நாலாவது என்றால் நாலு தரம் கயிற்றை இழுப்பான். நான் திருப்பி இரண்டு தரம் இழுத்தால் பிழை, இன்னும் யோசி. ஒரு தரம் இழுத்தால் சரி, மேலே வா. மணிக்கூடு என்னிடம் இருந்தது. அவன் எவ்வளவு சரியாகச் சொன்னாலும், நேரம் ஆகும்வரை பிழை என்றுதான் இழுப்பேன். அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் மேலே வந்து ஏசுவான்.

"முதல் சொன்னதே சரிதானே நானா? எதுக்குப் பிழை எண்டு இழுத்தீங்க?"

"விடை சரிதான்டா. நேரந்தான் பிழை."

"நல்ல காலம் நீங்க வாத்தியாராப் போகல்ல. ஒரு புள்ளயும் பாஸாகியிருக்காது."

துப்பறியும் கதை என்றால் அவனுக்குச் சோறு வேண்டாம். அந்தக் கதைகளில் துப்பறிகிறவனுக்குப் பக்கத்தில் கேள்வி கேட்பதற்கென்றே ஒருவன் இருப்பான். "அது நீங்க நானா, மற்றது நான்" என்பான். பக்கத்தில் இருப்பதே எனக்குக் காணும் என்றிருந்தது.

மீனவர் சங்க விழாவில் பொது அறிவுப் போட்டி வைப்பார்கள், இரண்டிரண்டு பேராக மேடை ஏற வேண்டும். நானும் அவனும் ஏறுவதென்று முடிவாகியிருந்தது. சட்டையும் தோய்த்து மடித்து வைத்தேன். விழா கிட்ட வந்ததும், "இந்த முறை போட்டி இல்லையாம் நானா, பாட்டு மட்டுந்தானாம்" என்றான். நம்பினேன்.

விழா அன்று பின்னேரம் பாண் வாங்கப் போனேன். கடை வாசலில் விழாவின் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. பாற்கடலைக் கடையக் கயிறாக இருந்த பாம்பு எது என்று கேட்டது. வாசுகி என்றது சுஹைரின் குரல். அந்தக் கேள்வியைச் சீனி சுற்றிய தாளில் கண்டெடுத்தவன் நான். முடிச்சில் வைத்து அவனுக்குப் பாடமாக்கியவன் நான். அவனோடு மேடையில் இருப்பது படகு முதலாளியின் மருமகன் முஸம்மில் என்றும் அதில் சொன்னார்கள்.

கடலில் கிடந்துகொண்டு எப்படித் தம்பி இவ்வளவு படித்தீர்கள் என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"தனியாத்தான் படிச்ச" என்றான் சுஹைர். "படகுல ஒரு நானா ஈக்கிறார். அவருக்கு எழுத்தே தெரியா. அவரோட என்னத்தக் கதைக்கிற?"

சனம் சிரித்தது. பாண்காரரும் சிரித்தார், படகில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாது. தந்த எழுத்தை அவன் எல்லார் முன்னாலும் திருப்பி வாங்கிக்கொண்டான், சேர். வேறொன்றும் நடக்கவில்லை. நான் பாணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் கடலில் வைத்து, "நேத்து எங்க போன?" என்று கேட்டேன். அவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

"வீட்டதான் நானா. ஒரே தலையிடி."

சரி என்றேன். இறங்குமுன் அவனுக்குப் பிடித்த மாதிரியே ஒரு கேள்வி சொன்னேன். துப்பறியும் கதையில் கொலையாளி பெரும்பாலும் யார்? ஒன்று, வேலைக்காரன். இரண்டு, வைத்தியர். மூன்று, சொத்துக்கு ஆசைப்பட்டவன். நாலு, கூடவே இருந்தவன்.

"லேசான கேள்வி நானா" என்று சிரித்துக்கொண்டு இறங்கினான்.

நெடுநேரம் அடியில் பொறுக்கினான். பிறகு கயிறு இறுகியது, முடிச்சுக்கு வந்துவிட்டான். வந்த கையோடு நாலு தரம் இழுத்தான்.

நான் ஒரு தரம் இழுத்தேன்.

மேலே வந்து படகில் ஏறி, "இண்டைக்குக் கெதியா விட்டுட்டீங்களே" என்று பகிடி விட்டான். அட்டைப் பையைக்கூட அவனே தூக்கி வைத்தான். கொஞ்ச நேரத்தில் கால் விறைக்கிறது என்றான். பிறகு இடுப்பு. மூச்சும் இழுத்தது.

"நானா, மற்றச் சிலிண்டரத் தாங்க. திரும்ப இறங்கோணும்."

எங்கள் ஆட்கள் அப்படிச் செய்வதுண்டு. திரும்ப இறங்கி முடிச்சில் நின்று ஆறுதலாக ஏறினால் சிலருக்குச் சுகமாகும். நிறைந்த சிலிண்டர் படங்குத் துணிக்குக் கீழே இருந்தது. உங்கள் ஆட்கள் எடுத்தது அதைத்தான்.

"எங்க நானா அது?"

நான் நங்கூரத்தைத் தூக்கினேன். கேட்கிறவன் நான், விடை சொல்கிறவன் அவன். எங்கள் ஒழுங்கு அதுதானே.

எஞ்சினை மெதுவாகத்தான் ஓட்டினேன். வேகமாக ஓட்டினால் அலை அடிக்கும், அவனுக்கு நோகும். கோட்டைப் பக்கம் திரும்பும்போது அவன் கதைப்பதை நிறுத்தியிருந்தான். அவன் கண்ணை மூடிவிட்டு, போர்த்திவிட்டேன்.

இதற்குக் கொலை என்று பெயர் என்றால் எழுதுகிறேன்: கொலை. அந்த எழுத்துகளும் அவன் தந்தவைதான். ஆனால் நான் அவனை ஏமாற்றியதாக மட்டும் எழுத வேண்டாம், சேர். கால் போகக்கூடாது என்பதற்காக அந்தக் கயிற்றில் தினமும் அவனுக்குப் பொய் சொன்னவன் நான். அன்றைக்குத்தான் உண்மை சொன்னேன்.