லாரியில் இல்லாத குறுக்குக் கம்பி

செம்பூர் பஸ் வரிசையில் லாரி வாங்கியவர், கேரேஜ் வைத்திருக்கும் அவர் மைத்துனர், பின்னால் நான்.

"மாப்ள, ஏமாந்துட்டேம்ல. உங்கக்கா வளையலை வித்து வாங்குன லாரி. முன் அச்சுக்குக் குறுக்கே கம்பியே இல்ல. முன்ன ஓட்டுன ஜீப்புல இருந்துச்சு. இதுல எவனோ கழட்டிட்டான்."

"அந்த ஜீப்புல சுருள் ஸ்பிரிங் அத்தான். அது அச்சைப் பக்கவாட்டுல நகராமப் பிடிக்காது. கம்பிதான் பிடிக்கணும். உங்க லாரியில என்ன ஸ்பிரிங்?"

"பட்டை. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனது."

"பட்டையே அச்சைப் பிடிச்சுக்கிடும். கம்பி வேண்டாம். இடுப்புல பெல்ட்டு போட்டுட்டு கயிறும் கட்டுவீங்களோ?"

லாரி வாங்கியவர் நிம்மதியாக மூச்சு விட்டார். பிறகு சிரித்தார்.

"அப்ப நாளைக்கு முலுண்டுக்கு லோடு ஏத்தலாமா?"

"பட்டை ஒண்ணும் ஒடியலைன்னா ஏத்துங்க. பாத்தீங்களா?"

"கம்பியத் தேடும்போதே தடவிப் பாத்து எண்ணிட்டேன். எல்லாம் முழுசா இருக்கு. பக்கத்துக்கு ஒம்பது."