இடுப்புக்கு இதமான கட்டில்

– எந்தக் கட்டிலுக்கு அடியிலன்னு மறுக்காச் சொல்லுங்க.

– மெதுவாப் பேசு அம்மணி. கூடத்துல கேக்கும்.

– அந்தத் தேக்குக் கட்டிலா? பல்லடத்துக்காரங்க வாராங்கன்னு பவானி ஜமக்காளம் விரிச்சு உட்டனே, அதுவா?

– அதேதான். ஜமக்காளம் தரை வரைக்கும் தொங்குச்சு. மறைவா இருக்குமேன்னு பேட்டரியை அங்க வெச்சுப்போட்டேன்.

– பையனோட அம்மா அதுமேலதானுங்க உக்காந்திருக்குது.

– அதைச் சொல்லத்தான் சமையக்கட்டுக்கு வந்தேன்.

– பேட்டரி சும்மா கெடக்குதா, சார்ஜு ஏறுதா?

– ஏறுது. கொஞ்சம் எச்சாவே ஏறுதாட்டம் இருக்குது. கட்டில் சட்டத்துல கை வெச்சுப் பாத்தேன், தோசைக்கல்லு மாதிரி இருக்குது.

– மாசாணி தாயே. பொண்ணு பாக்க வந்த ஒறம்பரையை அடுப்பு மேல உக்கார வெச்சுப்போட்டு, இத்தனை நேரம் காப்பிக்குச் சக்கரை போதுமான்னு கேட்டுட்டு நிக்கறீங்களே.

– நீதானே காலைல சொன்னே? அந்தச் சைக்கிள் சம்பந்தமா ஒரு நட்டுகூடக் கண்ணுல படக் கூடாதுன்னு.

– பின்ன என்னங்க சொல்றது? பொண்ணோட அப்பா பரம சாதுன்னு தரகரு அவங்ககிட்டச் சொல்லி வெச்சிருக்கறாரு. அம்பத்தெட்டு வயசுல அரை டவுசரு போட்டுட்டு, மோட்டார் வெச்ச சைக்கிள்ல மலையேறப் போறேன்னு கெளம்பி, பால் சொசைட்டிக்கு முன்னால எருமை மேல போயி உழுந்த மனுசன்னு சொல்ல முடியுமா?

– எருமை குறுக்க வந்துச்சு.

– எருமை கட்டிக் கெடந்துச்சுங்க.

– செரி உடு. சைக்கிளைக் கொண்டு போயி தேங்கா குடோன்ல மட்டைக்குப் பின்னால மறைச்சுப்போட்டேன். பேட்டரியை மட்டும் கழட்டி ஊட்டுக்குள்ள கொண்டாந்தேன்.

– அதையும் அங்கயே போட்டிருக்கலாமல்லோ?

– உனக்கு வெவரம் பத்தாது கண்ணு. அங்க மட்டையும் தேங்கா நார் மஞ்சியும் குமிஞ்சு கெடக்குது. ஒரு பொறி பட்டாப் போதும், குடோனே போயிரும்.

– அதனால மனுசங்களுக்கு அடியில கொண்டாந்து வெச்சீங்க.

– அந்த நேரத்துக்கு அது நல்ல ரோசனையாத் தெரிஞ்சுது.

– இன்னிக்குத்தான் சார்ஜு போடோணும்னு என்னங்க தலைவிதி?

– நாளைக்கு ஞாயித்துக்கெழமை. ஆழியாத்துல இருந்து ஏறோணும். அந்தச் செவப்பு ஹெல்மெட்டுக்காரனை நாளைக்கு உடறதா இல்ல.

– அது ஆரு?

– சொல்லியிருக்கறனே. வாரா வாரம் வாரான், அவனும் என்னாட்டவே மோட்டார் வெச்ச மலை சைக்கிள்தான். மூஞ்சி பூராத் துணி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. நான் நாக்குத் தள்ளிட்டு ஒம்பதாவது கொண்டை ஊசி வளைவுக்கு வாரதுக்கும், அவன் சத்தமே இல்லாம பொறகால வந்து முந்தறதுக்கும் செரியா இருக்கும். முந்தறப்ப இடது கையை இப்படி மெல்லத் தூக்கிக் காட்டுவான் பாரு. அதுல ஒரு மரியாதை இருக்குது. திட்டிட்டுப் போனாக்கூடத் தாங்கிக்குவேன், அந்த மரியாதையைத்தான் தாங்க முடியல.

– பொண்ணுக்குக் கல்யாணம் பேசற வயசுல ஊர் பேர் தெரியாதவனோட பந்தயம். பையனோட அம்மா, அந்தப் பூவாத்தாளம்மாளைப் பாத்தாவது கத்துக்குங்க. ஞாயித்துக்கெழமையானாப் போதும், பல்லடத்துல இருந்து கோழித்தீவன வண்டியிலயே ஏறி ஆனைமலைக்கு வந்து மாசாணியம்மனைக் கும்புட்டுட்டுப் போறாங்களாம். அவங்க பக்தி அப்படி. நீங்களும் அதே ரோட்டுலதான் போறீங்க. கோயில் இருக்கற தெசைக்கு ஒரு கும்புடு போட்டிருப்பீங்களா?

– மூச்சு வாங்கறப்ப எங்க கும்புடறது?

– ஏனுங்க, சார்ஜரை எலி கடிச்சுப்போச்சுன்னு சொன்னீங்க. இது ஏது?

– பொள்ளாச்சில ஒரு கடைல வாங்குனேன். ஏதோ ஸ்கூட்டருக்கானதாம், சீக்கிரமா ஏத்துமாம். சொருகிப் பாத்தேன், உள்ள போச்சு.

– உள்ள போனாப் போதுமா? கோயமுத்தூர்ல வண்டி குடுத்த அந்த ரூபினா புள்ளை, தலைபாடா அடிச்சுச் சொல்லுச்சே. நானும் பக்கத்துல நின்னு கேட்டேன்.

– மூணு சொல்லுச்சு. வண்டியோட வந்த சார்ஜரைத் தவிர வேற எதையும் சொருகாதீங்க. பேட்டரி கீழ உழுந்து அடிபட்டா எங்கிட்டக் காட்டாம சார்ஜு போடாதீங்க. சார்ஜு ஏறுறப்ப மேல எதையும் போட்டு மூடாதீங்க, ஆளில்லாம உட்டுட்டுப் போகாதீங்க.

– அதுல எதைக் கேட்டீங்க?

– மூணையும் கேட்டேன்.

– எதைச் செஞ்சீங்க?

– வேண்டாம்னு சொன்ன மூணையும் ஒண்ணாச் செஞ்சுபோட்டேன். எருமை மேல உழுந்தன்னிக்கே பேட்டரில ஒரு பக்கம் நசுங்கியிருச்சு. உன்ற வாய்க்குப் பயந்துட்டுத்தான் சொல்லல.

– இப்ப அதுக்குப் போன் போட்டுக் கேளுங்க.

– கேட்டுப்போட்டேன். முதல்ல ஆளுங்களை வெளிய தாட்டி உடுங்க அங்கிள், அப்புறம் கரண்டை நிறுத்துங்க, பேட்டரி உப்பியிருந்தாலோ புகை வந்தாலோ கையே வெக்காதீங்க, தீயணைப்புக்குப் போன் பண்ணுங்கன்னுச்சு. ஆளுங்க சம்பந்தியாகப் போறவங்கம்மான்னேன். அப்ப இன்னும் சீக்கிரமாத் தாட்டுங்கன்னுச்சு.

– அதுக்கு வெவரம் இருக்குது. நீங்க என்ன செஞ்சீங்க?

– தோப்பைப் பாத்துட்டு வாங்கன்னு எல்லாரையும் உன்ற தம்பியோட தாட்டி உட்டேன். பையனோட அப்பா ராசப்பன் தான் முதல்ல எந்திரிச்சாரு. மைதிலியும் பையனும் தனியாப் பேசறதுக்குக் கெணத்து மேட்டுப் பக்கம் போயிட்டாங்க. இந்தம்மா மட்டும் எந்திரிக்கவே இல்ல. இடுப்பு வலியாம்.

– அப்ப கட்டில் மேல அது ஒண்ணுதான் மிச்சம்.

– அதுக்கு முந்தியே குனிஞ்சு பிளக்கைப் புடுங்கிரலாம்னு கட்டிலுக்குப் பக்கத்துல போனேன். கையை உள்ள நீட்டறதுக்குள்ள அந்தம்மா பதறுது. ஐயோ, வயசுல மூத்தவங்க, என்ற காலுல எதுக்குங்க உழுகறீங்க, பொண்ணைக் குடுக்கறவங்க எறங்கிப் போகோணும்னு எங்களுக்கு ஒண்ணுமில்லீங்கன்னு சத்தம் போடுது. அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க.

– நீங்க என்ன பண்ணுனீங்க?

– வேற வழியில்லாம ஒரு கும்புடு போட்டுட்டு எந்திரிச்சேன்.

– மெயினை நிறுத்திப்போடலாமா?

– இன்வெர்ட்டர் எடுத்துக்கும்.

– அதையும் நிறுத்துங்க.

– அதோட சுவிச்சு அதே கட்டிலுக்குப் பின்னால இருக்குது. மறுக்கா குனிஞ்சா அந்தம்மா ஆசீர்வாதமே பண்ணிப்போடும்.

– நகருங்க. பொம்பளைக்குப் பொம்பளை நான் போயி கூப்புட்டுப் பாக்கறேன்.

– பக்குவமாக் கூப்புடு. கட்டில் பேச்சே வேண்டாம்.

– போயிட்டு வந்துட்டேனுங்க.

– என்ன சொல்லுச்சு?

– பூசை ரூமுக்கு வாங்க, புதுசா மாசாணியம்மன் படம் மாட்டியிருக்கறோம்னேன். இருக்கட்டுங்க அக்கா, அவசரமில்லீங்கங்குது. எதைக் கேட்டாலும் அவசரமில்லீங்கங்கற ஒரே பேச்சுத்தான். அப்புறம், என்ன கட்டிலுங்க இது, இடுப்புக்கு இதமாச் சூடு குடுக்குது, இப்படி ஒரு கட்டிலை நான் பாத்ததே இல்லீங்கன்னுச்சு.

– நீ என்ன சொன்னே?

– பழைய தேக்குங்க, அப்படித்தான் இருக்கும்னேன்.

– நல்லாச் சொன்னே.

– அதோட போச்சா? ஏதோ சுடற வாசம் வருதுங்களே, அடுப்புல கச்சாயம் சுடறீங்களான்னு கேட்டுச்சு. ஆமாங்கன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன். இனி கச்சாயத்துக்கு மாவுக்கு எங்க போறது?

– கச்சாயம் கெடக்குது. நேராச் சொல்லிப்போடலாம் அம்மணி.

– என்னன்னு சொல்றது? சித்த எந்திரிங்க சம்பந்தி, அடியில வெடி வெச்சிருக்கறோம்னா? வந்து உக்காந்த ஒறம்பரையை எந்திரின்னு சொன்னதே இந்த ஊட்டுல வழக்கமில்ல. நாலு எடத்தை வேண்டாம்னு தட்டிக் கழிச்சவ மைதிலி. இன்னிக்கு அவளாவே சேலை கட்டி, அவளாவே தலைக்குப் பூ வெச்சுட்டு நின்னா பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவளுக்குப் புடிச்சுப் போச்சுங்க. இப்பப் போயி நாமளே கெடுக்கறதா?

– எனக்கு மட்டும் ஆசையில்லையா? இருந்தாலும் அந்தம்மாளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, நாளைக்கு மைதிலி மூஞ்சில எப்படி முழிப்பேன்? சம்பந்தம் போனாப் போகுது. என்ற புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்லி, எல்லாப் பழியையும் என்ற மேல போட்டுக்கறேன்.

– நில்லுங்க. நானும் வாரேன். நீங்க ஒத்தையில போயி கையைக் கட்டிட்டு நிக்கறதைப் பாக்க எனக்கு மனசு வராது. ஒரு உசுரைப் போக உட்டுப்போட்டு அந்த மாசாணித் தாய்கிட்டப் போயி நான் என்ன வேண்டிக்கறது?

– அக்கா, சமையக்கட்டுக்குள்ள வரலாங்களா?

– ஐயோ, பூவாத்தாளம்மா. வாங்க. நீங்களே எந்திரிச்சு வந்துட்டீங்களா? என்ற சாமி, வாங்க வாங்க, அந்தப் பக்கம் போகாதீங்க, இங்கயே உக்காருங்க.

– தங்கச்சி, நான் ஒண்ணு சொல்லோணும். அந்தக் கட்டிலு தேக்குனால சூடாகலீங்க.

– தெரியுங்க அண்ணா.

– அடியில என்ற சைக்கிள் பேட்டரி சார்ஜு ஏறிட்டிருக்குது. அடிபட்ட பேட்டரி. சார்ஜரும் அதுக்கானது இல்லீங்க.

– இப்ப ஏறலீங்க. எல்லாரும் தோப்புக்குப் போயி, நீங்களும் இங்க வந்ததுமே பிளக்கைப் புடுங்கிப்போட்டேன். அக்கா வந்து பூசை ரூமுக்குக் கூப்புட்டுட்டுப் போன பொறகு, பேட்டரியையும் இரும்புச் சட்டில தூக்கிக் கொண்டு போயி வாசல்ல கெடக்கற மணல் மேல வெச்சுப்போட்டு வந்துட்டேன். ஜமக்காளந்தான் ஒரு ஓரமாக் கருகிப்போச்சுங்க.

– ஏனுங்க தங்கச்சி, கையில எடுத்தீங்களா?

– உப்பலீங்க, புகையலீங்க, சூடு மட்டுந்தான். உப்பியிருந்தா உங்க ரெண்டு பேரையும் இழுத்துட்டு வெளிய ஓடியிருப்பேன். மரியாதையெல்லாம் பாத்திருக்க மாட்டனுங்க.

– அப்ப மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லோ?

– சொன்னனுங்களே அக்கா. கட்டில் சூடா இருக்குதுன்னேன். வாசம் வருதுன்னேன். பொண்ணு பாக்க வந்த எடத்துல இதுக்கு மேல எப்படிங்க சொல்றது? அண்ணன் குனிஞ்சப்பவே பிளக்குக்குத்தான் கை நீட்டறாருன்னு தெரிஞ்சுது. என்ற ஊட்டுக்காரரு பாத்துட்டு இருந்தாரு. அதனாலதான் காலுல உழுகறாருன்னு சத்தம் போட்டு மறைச்சேன். நான் எந்திரிச்சிருந்தா அவரு வந்து அங்க காலை நீட்டிப் படுத்திருப்பாரு.

– நல்ல மனசுங்க உங்களுக்கு. நாங்க பண்ணுன கூத்துக்கு வேற ஆராச்சும்னா இந்நேரம் வண்டியைத் திருப்பியிருப்பாங்க.

– பசங்க ரெண்டும் கெணத்து மேட்டுல சிரிச்சுப் பேசிட்டிருக்குதுங்க. அதுக்கு மேல நமக்கென்னங்க வேணும்? உப்பு சக்கரை மாத்திச் சம்பந்தத்தை உறுதி பண்றதுக்கு ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லியனுப்பறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும். இந்தப் பேட்டரி சமாச்சாரத்தை என்ற ஊட்டுக்காரருகிட்டப் பேச வேண்டாங்க.

– சத்தியமாப் பேச மாட்டமுங்க. அவருக்கு இதெல்லாம் புடிக்காதுங்களா?

– எங்க ஊட்டுலயும் இதேமாதிரி ஒண்ணு இருக்குதுங்க. கோழித்தீவன மூட்டைக்குப் பின்னால. அவருக்குத் தெரியாது.

– பையன் ஓட்டறாப்பலயா?

– அவனுக்கு நேரமேதுங்க அண்ணா. அப்புறம், அந்தப் பேட்டரியை இனி வண்டில மாட்டாதீங்க. ரூபினாகிட்டக் குடுத்துப்போடுங்க, எங்களுதும் அதுகிட்ட வாங்குனதுதான், எப்படி ஒதுக்கோணும்னு அதுக்குத் தெரியும். வண்டியை சர்வீசுக்கு உடறப்ப பின் பிரேக்குக் கட்டையையும் மாத்திக்குங்க. தேஞ்சு போச்சு. போன வாரம் எறங்கறப்ப என்ற பொறகால வழி நெடுக கீச்சு கீச்சுன்னு வந்துச்சுங்க.

– உங்க பொறகாலயா? தங்கச்சி, நீங்க ஞாயித்துக்கெழமை கோயிலுக்குத்தானே வாரீங்க?

– கோயிலுக்கும் போவேனுங்க அண்ணா, எறங்கி வந்த பொறகு. செவப்பு ஹெல்மெட்டைக் கழட்டி வண்டில வெச்சுப்போட்டுத்தான் உள்ள போவேன். இந்த இடுப்பு வலியும் அந்த மலைல ஒரு வளைவுல உழுந்ததுனால வந்ததுதான். நாளைக்கு உங்களுக்குப் பேட்டரி இல்ல, பரவால்ல, மிதிச்சே பைய வாங்க. நான் ஒம்பதாவது வளைவுல நிக்கறேன். அவசரமில்லீங்க.