மொட்டைப்பாறை வளைவில் நின்றவன்

வெயில் இருக்கும்போதே குளிப்பாட்டிவிட்டால் உன் தம்பிக்குச் சளி பிடிக்காது. மேகம் ஏறிய பிறகு ஈரத்தலையோடு விட்டால் ராத்திரி பூராவும் இருமுவான். மலைக்குக் கீழே கன்னிவாடியில் உங்களுக்கு இந்தக் குளிர் கிடையாது, சரிதான். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவனுக்குச் சூடும் தெரியாது. வெந்நீரை முதலில் உன் முழங்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் அவன் காலில் ஊற்று. மறந்துவிட்டால் தோல் வெந்துபோகும், அவன் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பான்.

கொஞ்சம் உட்காரு சூசையம்மா. ஜீப்புக்காரன் டீ குடிக்கட்டும். உன் தம்பி கஸ்பார் வாசலில் வெயில் காய்கிறான், நாம் பேசுவது அவனுக்குக் கேட்காது. காலையில் வந்ததும் ஒரு கேள்வி கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லாமல் நான் வெந்நீர் போடப் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். ஆனால் அந்தப் பதிலை மட்டும் தனியாகச் சொல்ல முடியாது. முன்னால் இருந்து வரணும்.

நான் யாரையும் நம்பினவன் இல்லை. கூடப்பிறந்தவனே என் பூண்டுக் காட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்ட பிறகு, அடுத்தவன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். டீக்கடைக்காரன் கிளாசைக் கழுவுவதை நின்று பார்ப்பேன். உன் தம்பி கையால் கொடுத்தால் மட்டும் வாங்கிச் சாப்பிடுவேன். அவன் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை பார்த்தான் இல்லையா, சாயங்காலம் ஏரிப் பக்கம் என் சைக்கிள் கடைக்கு வருவான், இலையில் எதையாவது சுருட்டிக்கொண்டு. "வேலண்ணே, விஷம் வச்சுக் கொண்டாந்திருக்கேன், சாப்பிடுங்க" என்பான். சாப்பிடுவேன். அவனிடம் மட்டும் ஏன் அப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. படிப்பு இல்லாதவன்.

சீசனில் மே மாசம் கமிட்டிக்காரர்கள் ஒரு சைக்கிள் ரேஸ் வைப்பார்கள். ரோட்டில் இல்லை. பூண்டிக்கு மேலே மேட்டில் ஆரம்பித்து, கூக்கால் பக்கம் இறங்குகிற குதிரைத்தடத்தில். அந்தத் தடத்தில் பொதிக்குதிரை ஓட்டித்தான் நான் வயிறு வளர்த்தேன். முழங்கால் போன பிறகுதான் ரிப்பேர் கடை. ரேஸுக்கு முந்தி வருகிற சனி ஞாயிறுகளில் நாங்கள் மூணு பேரும் கிளம்பிவிடுவோம். கஸ்பார், நான், பேக்கரியில் மாவு பிசைகிற பவுல்ராஜ். தம்பியைக் கூட்டிப் போகச் சொல்லி இப்போது உன்னைத் தேடி வந்தானே, அவன்தான். ரேஸ் தடத்தை ஓட்டிப் பழகுகிறோம் என்று பேர். பாதி நேரம் ஊர்க்கதைதான். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாவற்றையும் நான் கழற்றிப் போட்டுவிடுவேன், சைக்கிள் எலும்பும் தோலுமாக நிற்கும். கீழே போய்ச் சேரும்போது ஒவ்வொருத்தன் முதுகிலும் சேறு கோடு போட்டிருக்கும்.

"ஏலே கஸ்பாரு, ஞாயித்துக்கிழமை பூசைய விட்டுட்டு இங்க வந்து கெடக்க. ஃபாதர் கேட்டா என்னலே சொல்லுவ?" என்பான் பவுல்ராஜ்.

"மொட்டைப்பாறையில எறங்கும்போது நான் மாதாவக் கூப்பிடுற கூப்பாடு கோயில்ல என்னைக்காவது கூப்பிட்டிருக்கேனா? அதுதாம்லே பூசை."

மொட்டைப்பாறை என்பது அந்தத் தடத்தில் ஒரு வளைவு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். மேலே இருந்து வருகிறவனுக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. அதற்குக் குதிரைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் முன்னால் போய் வளைவில் நின்று கீழே பார்ப்பான். தடம் காலி என்றால் நீளமாக ஒரு குரல் கொடுப்பான், "வாஆஆ" என்று. அதைக் கேட்ட பிறகுதான் மேலே நிற்கிறவன் இறங்கணும். கீழே ஏதாவது வந்தால் வாயே திறக்கக் கூடாது. சத்தம் இல்லை என்றால் வழி இல்லை. அவ்வளவுதான் சட்டம். இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் முழங்காலை வைத்துக்கொண்டு வேகமாக இறங்க முடியாது என்பதால், முன்னால் போய் வளைவில் நிற்பது எப்போதும் என் சோலி.

எமர்ஜென்சிக்கு முந்தின வருசம். ஏப்ரல் கடைசி. சனிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் பூண்டியில் ஒரு கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். பூண்டு காயப் போட்டிருந்த கொட்டகை, கண் எரிந்தது. பவுல்ராஜ் கொண்டுவந்த பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே கஸ்பார் சொன்னான், மதுரையிலிருந்து ஒரு மில்லுக்காரர் இந்தத் தடவை ரேஸ் பார்க்க வருகிறாராம். மில்லில் சைக்கிள் டீம் வைத்திருக்கிறார்களாம். ஜெயிக்கிறவனுக்கு வேலை, குவாட்டர்ஸ்.

"குவாட்டர்ஸ்னதும் அண்ணன் மூஞ்சியப் பாரு, பொண்ணக் கட்டிக் குடுத்த அப்பன் மாதிரி ஆயிருச்சு" என்றான் பவுல்ராஜ்.

"அண்ணனையும் கூட்டிட்டுப் போயிருவேன்லே. என்ன, மதுரை வெயிலுக்கு ரெண்டு நாள்ல வத்தலாயிருவாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவன் அப்படிச் சிரித்துக்கொண்டா சொல்வான் என்று எனக்குள் ஓடியது. அவன் ஜெயிப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தத் தடத்தில் அவனை மாதிரி இறங்குகிறவன் அந்த மலையில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கிளம்பினோம். நான் முன்னால் போய் மொட்டைப்பாறையில் நின்றேன். அன்றைக்குப் பனி கவிழ்ந்திருந்தது, குதிரைகளைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் சொல்லியிருக்கிறேன். பனி இல்லை. கூக்கால் ஏரி வரைக்கும் தெரிந்தது. ஞானவேல் என்கிற குதிரைக்காரன் நாலைந்து குதிரைகளில் மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தான். முன்குதிரை கழுத்தில் மணி. வளைவுக்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டார்கள்.

நான் சும்மா நின்றிருந்தால் போதும். அதைத்தான் நான் உனக்குச் சொல்ல வருகிறேன். குரல் கொடுக்க மறந்துவிட்டேன், லேட்டாகக் கொடுத்தேன் என்றெல்லாம் தப்பிக்க அந்த வழக்கத்தில் இடமே இல்லை. ஒன்றுமே செய்யாமல் நின்றிருந்தால் கஸ்பார் மேலேயே நின்றிருப்பான். குதிரைகள் கடந்து போயிருக்கும். அப்புறம் இறங்கியிருப்பான். மே மாசம் ஜெயித்திருப்பான், போயிருப்பான்.

நான் வாயைக் குவித்துக் குரல் கொடுத்தேன். நல்ல நீளமாக.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முன்குதிரை மிரளும், இவன் பாறைப் பக்கம் சாய்ப்பான், ஒரு கால் ஒடியும், சீசன் முடிகிற வரைக்கும் கட்டுப் போட்டுக்கொண்டு என் கடையில் உட்கார்ந்திருப்பான். இவ்வளவுதான் கணக்குப் போட்டேன். அவன் குதிரையைக் காப்பாற்றப் பள்ளத்துப் பக்கம் திருப்பிவிட்டான். அதை நான் யோசிக்கவில்லை. அவனைத் தெரிந்தவன் யோசித்திருக்கணும்.

பவுல்ராஜும் ஞானவேலும் நானும் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் ஞானவேல் அழுதான். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டபோது, ஞானவேல் மணி கட்டாமல் குதிரை ஓட்டி வந்தான், பனி வேறு என்று சொன்னேன். ஒரு சைக்கிள்காரனைக் குதிரைக்காரன் முடமாக்கிவிட்டான் என்று பேச்சாகி, யாரும் அவனுக்குச் சுமை கொடுக்கவில்லை. குதிரைகளை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டான். மணியை மட்டும் யாருக்கும் விற்காமல் எடுத்துக்கொண்டு போனானாம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன், நீ வர வேண்டாம் என்று நிஜமாகவே உன் தம்பிதான் சொன்னானா என்று கேட்டாயே. கஸ்பார் ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு வந்த பிறகு நீ அவனைப் பார்க்க வந்தாய். நான் பஸ் ஸ்டாண்டிலேயே உன்னைப் பார்த்துவிட்டேன். 'இப்படிக் கெடக்குறத அக்கா பார்க்க வேண்டாம், வந்தா விஷத்தக் குடிச்சுருவேன்னு சொல்றான், போயிரு தாயி' என்று சொன்னேன். நீ முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாய். அதை அவன் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவனிடம் போய், உன் அக்கா எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று சொன்னேன். ரொம்ப நாள் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்ப்பான். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டான்.

பின்கட்டில் சாக்குப் போட்டு மூடியிருக்கிறதே, அதைத் தூக்கிப் பார். சர்க்காரில் கொடுத்த மூணு சக்கர வண்டி. கையால் சுற்றினால் ஓடும். அவன் கையில் நல்ல பலம் இருக்கிறது, ஏரியைச் சுற்றி வந்துவிடுவான். செயின் அறுந்துபோச்சு, இந்தச் செயின் இங்கே கிடைக்காது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கடைச் சுவரில் செயின் தொங்குகிறது, நீ வரும்போது தலையில் இடித்திருக்கும். ஊரில் என்னைப் பற்றிக் கேட்டுப் பார். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்பார்கள். கோயில் திருவிழாவில் ஃபாதர் எனக்குத் துண்டு போட்டார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தத் துண்டை வைத்துத்தான் அவன் முதுகைத் துடைத்தேன். வேறு எதற்கும் அதை எடுக்க வெட்கமாக இருந்தது.

அவன் என்னிடம் அந்த வளைவைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினான். சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன், கத்தி தொண்டையில் இருந்தது.

"மணிச்சத்தம் எனக்குக் கேட்டுச்சுண்ணே" என்றான்.

நான் கையை அசைக்கவில்லை.

"மேலயே நல்லாக் கேட்டுச்சு. ஆனா நீங்க வான்னு சொல்லிட்டீங்க. சரி, நமக்குத்தான் காது சரியில்லேன்னு எறங்கிட்டேன்."

அவ்வளவுதான். மிச்சத்தையும் வழித்துவிடச் சொல்லி முகத்தைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கு எல்லாம் தெரியுமா, ஒன்றுமே தெரியாதா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

நீ அழுவதைப் பார்த்தால் அவன் ஏன் என்று கேட்பான். முகத்தைக் கழுவிக்கொள். இதையெல்லாம் நான் ஏன் சொன்னேன் என்று யோசிக்காதே. உன் தம்பியைக் கொண்டுபோகக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை. நீ அக்கா, கொண்டு போ. நான் செய்தது நியாயம் என்றும் சொல்லவில்லை. ஆனால் இவ்வளவு செய்த ஒருத்தன் எவ்வளவு கவனமாகப் பார்ப்பான் என்பதையும் நீ யோசிக்கணும். அவனுக்கு எங்கே புண் வரும், எந்தப் பக்கம் படுத்தால் மூச்சு வாங்கும் என்று உனக்கு என்ன தெரியும்? உன் வீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? நான் யாரையும் நம்புகிறவன் இல்லை.

சரி. ஜீப்புக்காரன் வந்துவிட்டான். இந்தச் சந்திலிருந்து ரிவர்ஸில்தான் மெயின் ரோட்டுக்கு ஏறணும். முக்கில் பஸ் வந்தால் உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியாது. 'பெரியவரே, கொஞ்சம் ரோட்டப் பாத்துச் சொல்லுங்க' என்று அவனே என்னிடம் கேட்டிருக்கிறான். நான் முன்னால் போய் நிற்கிறேன். கஸ்பாரை ஏற்றிவிட்டு நீயும் ஏறிக்கொள், வெந்நீர் விஷயத்தை மறந்துவிடாதே.

டிரைவரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடு. நான் குரல் கொடுக்கிற வரைக்கும் வண்டியை நகர்த்தக் கூடாது. கஸ்பாருக்கு இந்த வழக்கம் தெரியும், அவனும் அதையேதான் சொல்வான். எவ்வளவு நேரமானாலும் நகர்த்தக் கூடாது.